குட்டித்தாய்ச்சி ஆடு எப்படிக் கத்திக்கு வருகிறது?

போன தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் பக்கத்து வளவில் பங்கு அடித்தார்கள். பங்கு என்றால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்து காசு போட்டு ஒரு ஆட்டை வாங்கி, வெட்டி, எலும்பு ஈரல் எல்லாம் சரிசமமாகப் பிரித்து வாழையிலையில் குவித்து வைப்பார்கள், ஆளுக்கொரு குவியல். அன்றைக்கு ஆட்டைப் பூவரசங் கிளையில் தூக்கிக் கட்டி, தோலை உரித்து, வயிற்றைக் கீறின அண்ணை சட்டென்று கையை எடுத்தார். உள்ளே இரண்டு குட்டி. மயிர் முழுதாக மூடியிருந்தது, குளம்பு மட்டும் ஊறப்போட்ட கொட்டைபோல வெள்ளையாக, மெத்தென்று.

"குட்டித்தாய்ச்சி எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?" என்று வளவுக்கார அம்மா கேட்டா. "வயிறு பெருத்திருக்கு, நல்லாத் திண்ட ஆடு எண்டெல்லோ நினைச்சன்" என்றார் வாங்கி வந்தவர். சட்டியோடு வந்த ஒரு அக்கா வெறும் சட்டியோடு திரும்பிப் போனா. மற்ற ஆட்கள் தங்கள் பங்கை எடுத்தார்கள். நானும் எடுத்தேன், அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், சராசரியாக 150 நாள். அந்தக் குட்டிகளின் மயிரைப் பார்த்தால் நாலு மாதம் தாண்டியிருக்கும். இன்னும் மூன்று நாலு கிழமை விட்டிருந்தால் அந்த மறி ஈன்றிருக்கும். அப்படியென்றால் ஏன் விற்றார்கள், ஏன் வாங்கினார்கள், வெட்டும்வரை ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்ற கேள்விகள்தான் பல நாளாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

இது வன்னியில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கொல்களத்துக்கு வரும் பால் பசுக்களில் ஏறக்குறைய 3 வீதம், இறைச்சிக்கு வளர்க்கும் பசுக்களில் 1.5 வீதம், செம்மறிகளில் 0.8 வீதம், ஆடுகளில் 0.2 வீதம் சினையின் கடைசி மூன்றிலொரு பங்கில் இருப்பவை என்று அது மதிப்பிட்டது. பால் பசு முன்னுக்கு நிற்பதற்குக் காரணம் சிம்பிள்: பாலுக்காக அதை வருசா வருசம் சினைப்படுத்துகிறார்கள், பால் குறைந்தவுடன் கழித்துவிடுகிறார்கள், இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. காதில் இலக்கம் குத்தி, கம்ப்யூட்டரில் பதிவு வைத்து, கொல்கள வாசலில் மிருக வைத்தியரை நிறுத்தி வைத்திருக்கிற நாடுகளின் கணக்கு இது. நைஜீரியாவிலும் கொல்களங்களில் வீணாகும் கருக்களைப் பற்றிப் பல வருசமாக ஆய்வு செய்கிறார்கள். அங்கே சொல்லப்படும் காரணங்களைக் கேட்டால் புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்று கேட்பது போலவே இருக்கும்: அவசரக் காசு, சினை பார்க்க ஆளில்லை, கொழுத்த வயிற்றுக்கு நல்ல விலை.

அந்தக் கடைசிக் காரணத்தை முதலில் பார்ப்போம். இங்கே ஆட்டையும் மாட்டையும் தராசில் வைத்து வாங்குவது குறைவு, கண்மதிப்புத்தான். வியாபாரி வருவார், முதுகைத் தடவுவார், தொடையைப் பிடித்துப் பார்ப்பார், வயிற்றைப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். சினை முற்றின ஆட்டின் வயிற்றில் குட்டி, நீர்க்குடம், கருப்பை என்று நாலைந்து கிலோ கிடக்கும், அதில் ஒன்றும் சட்டிக்கு வராது. கடைசி ஆறேழு கிழமையில்தான் குட்டி மளமளவென்று வளரும், பிறக்கும்போது இருக்கிற நிறையில் பெரும்பகுதி அந்த நாட்களில் ஏறுவது. அதற்குத் தீனி போதாவிட்டால் தாய் தன் கொழுப்பைக் கரைத்துத்தான் கொடுக்கும். ஆகவே வெளியில் உருண்டையாகத் தெரிகிற ஆட்டின் முதுகெலும்பில் கையை வைத்தால் முள்ளு குத்தும். அனுபவமுள்ள வியாபாரிக்கு இது தெரியும், தெரிந்தால் விலையைக் குறைப்பார், அல்லது தெரியாத மாதிரி வாங்கி அடுத்த ஆளின் தலையில் கட்டுவார். தீபாவளிக்கு அவசரமாக ஆடு தேடித் திரிகிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

விற்றவருக்குத் தெரிந்திருந்ததா? அந்த ஆட்டை விற்ற குடும்பத்தை எனக்குத் தெரியும், இரண்டு பிள்ளைகளோடு தனியே இருக்கிற ஒரு அக்கா. சில கிழமைக்குப் பிறகு வேறு அலுவலாகப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன். "தெரியும் தம்பி" என்றா, "கிடாய் ஏறின நாளும் தெரியும். வெள்ளிக்கிழமை கட்டவேண்டியிருந்தது."

வெள்ளிக்கிழமை என்பது நுண்கடன் தவணை. 2009இல் முடிந்த சண்டைக்குப் பிறகு மீள்குடியேறின குடும்பங்களுக்கு, அதிலும் பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவி என்று ஆடும் கோழியும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான், ஆடு போல விரைவாகப் பெருகுகிற சொத்து வேறில்லை. அதே வீடுகளின் படலையைத் திறந்துகொண்டு நுண்கடன் கம்பனிகளும் வந்தன. ஆடு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை யோசிக்கிற பிராணி, கடன் ஏழு நாளைக்கு ஒருமுறை வாசலில் நிற்கிறது. இரண்டும் ஒரே வளவுக்குள் இருந்தால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முதலே போன ஆடுகள் போனதுதான்.

மாதமும் ஒரு காரணம். ஆவணி புரட்டாசியில் இங்கே புல் கருகிவிடும், சின்னக் குளங்கள் வற்றிச் சேறாகிவிடும். அதே நேரத்தில்தான் பெரும்போகத்துக்கு உழவு, விதைநெல், உரம் என்று காசு தேவைப்படும். பயிர் எழும்பினால் மாடுகளை வயற்பக்கம் விட ஏலாது, காட்டுப்பக்கம் சாய்க்க வேண்டும், காட்டுப்பக்கம் போனால் அது வனத்துக்குச் சொந்தம், இது வனவிலங்குக்குச் சொந்தம் என்று எல்லைக்கல் நிற்கிறது. மேய்ச்சல் தரை கேட்டு வன்னிப் பண்ணையாளர்கள் கத்தாத வருசமில்லை. ஆக தீனி இல்லை, இடமில்லை, காசு தேவை, ஐப்பசியில் தீபாவளி விலை. பட்டியைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் போவது எது? நாம்பன் காளையை வைத்திருந்தால் உழவுக்கு, கிடாயை வைத்திருந்தால் நல்ல விலை வரும்வரை என்று ஆளுக்கொரு நியாயம் வைத்திருப்பார்கள். பால் வற்றி நிற்கிற பசு கண்ணுக்கு வெறும் செலவாகத் தெரியும். பால் வற்றியதற்குக் காரணமே அது கன்றுத்தாய்ச்சி என்பதாகவும் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு பேச்சுக்கு, அந்த மறியிலிருந்து 12 கிலோ இறைச்சி வந்தது என்று வைப்போம். அது ஈன்றிருந்தால் இரண்டு குட்டி, பத்து மாதம் காட்டில் மேய்ந்து வளர்ந்தால் ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கிலோ. தாய் அப்படியே நிற்கும், ஒழுங்காகப் பார்த்தால் இரண்டு வருசத்தில் மூன்று ஈத்துப் போடும். இரண்டு வருசத்தில் வரக்கூடிய நாற்பது ஐம்பது கிலோவை 12 கிலோவுக்கு விற்ற வியாபாரம் இது. பசுவில் இன்னும் மோசம். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல், எருமைக்குப் பத்து மாதம். காட்டில் மேய்கிற நாட்டு மாட்டில் ஒரு நாகு, அதாவது இளம் பசு, முதற்கன்று ஈனவே மூன்று நாலு வருசம் போய்விடும். இன்று ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசுவை வெட்டினால் அதன் இடத்தை நிரப்ப அத்தனை காலம் காத்திருக்க வேண்டும்.

இதை வன்னியில் யாரும் புத்தகம் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. 2009இல் சனம் உடுத்த உடுப்போடு போனபோது பட்டிகள் அப்படியே நின்றன. கட்டை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு, அவிழ்க்க நேரமில்லாமல் போனவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது ஐம்பது அறுபது மாடு வைத்திருந்தவருக்கு ஒன்றிரண்டு அகப்பட்டது, பலருக்கு அதுவும் இல்லை. காட்டில் திரிந்த மாடுகளில் பழைய குறியைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அப்படிக் கிடைத்தது நாகா நாம்பனா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருசம் தங்கியிருந்தது. இன்றைக்கு நிற்கிற பட்டிகளில் பாதிக்கு ஆதி அந்த ஒன்றிரண்டு பெண் மாடுதான். பிறகு 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலோடு வந்த குளிரில், முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மாடுகள் விறைத்துச் செத்துக் கிடந்ததையும் பார்த்தோம். மழையும் குளிரும் பறிக்கிறதோடு நாமும் சேர்ந்து பறித்தால் பட்டி தாங்காது.

சரி, காசுக் கணக்கை ஒரு பக்கம் வைப்போம். அந்தக் குட்டிகளுக்கு நொந்திருக்குமா? வெறும் சட்டியோடு திரும்பிப் போன அக்காவின் மனதில் இருந்தது இந்தக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே சொன்ன ஐரோப்பிய அறிக்கை இதையும் ஆராய்ந்தது. சினையின் கடைசி மூன்றிலொரு பங்கில் நோவை உணரத் தேவையான நரம்பும் மூளையும் குட்டிக்கு அமைந்துவிடும் என்பதில் அவர்களுக்குப் பெரிய சந்தேகமில்லை, 90 முதல் 100 வீதம் என்றார்கள். ஆனால் உறுப்பு இருப்பது வேறு, அது விழித்திருப்பது வேறு. கருப்பைக்குள் ஒட்சிசன் குறைவு, மூளையை உறக்கத்தில் வைக்கிற சுரப்புகளும் அங்கே உண்டு. அதனால் குட்டி அறிந்து நோகாது என்பதற்கான வாய்ப்பை 66 முதல் 99 வீதம் என்று வைத்தார்கள். மிச்சம் 1 முதல் 33 வீதம், உணரக்கூடும். இதை நேர்மையான பதில் என்றுதான் சொல்வேன், ஒன்றும் நோகாது என்று கையைக் கழுவவும் விடவில்லை, துடிதுடித்துச் சாகிறது என்று கண்ணீர்க் கதை எழுதவும் விடவில்லை.

இதிலிருந்து கத்தி பிடிக்கிற ஆளுக்கு வேண்டிய ஒரு விசயம் வருகிறது. குட்டியை உறக்கத்திலிருந்து எழுப்புவது காற்று. கருப்பையைக் கீறி வெளியே எடுத்து அது ஒரு மூச்சு இழுத்துவிட்டால், அதுவரை இல்லாத நோவு அப்போது வரலாம். ஆகவே தாயை வெட்டின பிறகு கருப்பையைத் திறக்காமல், உள்ளேயே குட்டி சாகும்வரை விட வேண்டும் என்பது விலங்குகளின் ஆரோக்கியத்துக்கான உலக அமைப்பின் விதி. பாவம் பார்த்து அவசரமாகக் கீறிக் குட்டியை வெளியே எடுக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நல்ல மனசுதான். ஆனால் நாள் நிரம்பாத குட்டியின் சுவாசப்பை காற்றுக்குத் தயாராக இருக்காது, பெரும்பாலும் கால் மணி அரை மணி இழுத்துவிட்டுச் செத்துப்போகும். காப்பாற்றப் போய் நோவைக் கொடுத்ததுதான் மிச்சம். குட்டி ஏற்கெனவே வெளியே வந்து மூச்சு விடுகிறது, பிழைக்காது என்று தெரிந்தால் அதையும் தாமதிக்காமல் முடிக்க வேண்டும் என்கிறது அதே விதி. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் அதுதான் இரக்கம்.

தாயின் பாட்டையும் மறக்கக்கூடாது. நிறைமாத மாட்டைக் கால் கட்டி லொறியில் ஏற்றி, கிரவல் ரோட்டில் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே ஈன்றுவிடுகிறதும் உண்டு. ஐரோப்பாவில் சினைக்காலத்தில் 90 வீதம் கடந்த மிருகத்தை ஏற்றி இறக்கவே தடை. ஜெர்மனி 2017இல் சட்டம் போட்டு, கடைசி மூன்றிலொரு பங்கில் இருக்கிற பசுவையும் பன்றியையும் கொல்களத்துக்குக் கொடுப்பதை நிறுத்தியது. ஆட்டையும் செம்மறியையும் அதில் சேர்க்கவில்லை. கிடாயும் மறியும் ஒன்றாக மேய்கிற மந்தையில் எது எப்போது சினைப்பட்டது என்று கண்டுபிடிப்பது அங்கேயும் தலையிடிதான்.

இனி யாரும் அதிகம் பேசாத ஒன்று. அன்றைக்கு அந்தக் கருப்பையையும் குட்டிகளையும் வேலிக்கு அங்காலே எறிந்தார்கள், இருட்டுவதற்கு முதலே நாய் இழுத்துக்கொண்டு போயிற்று. புரூசெல்லோசிஸ் என்று ஒரு வருத்தம் இருக்கிறது, மாட்டிலும் ஆட்டிலும் கன்றை விழுத்தப் பண்ணுகிற கிருமி. நோய் பிடித்த மிருகத்தின் உடம்பில் அந்தக் கிருமி மிக அதிகமாகக் குவிந்திருக்கும் இடங்களில் முதலிடம் சினைக் கருப்பைக்கும் நீர்க்குடத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும்தான். வெறுங்கையோடு, விரலில் சின்னக் கீறல் இருக்க, அதற்குள் கை விடுகிற ஆளுக்குத் தொற்றுவது சுலபம். மனிதருக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு நோ, மாதக் கணக்கில் இழுக்கும். வேறு காய்ச்சலென்று நினைத்து அலைவார்கள், சரியாகக் கண்டுபிடித்தாலும் ஆறு கிழமை மருந்து. இறைச்சியை நன்றாக அவித்தால் கிருமி செத்துவிடும், ஆபத்து வெட்டுகிற கைக்கும், தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பெண்களுக்கும், இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிற நாயால் மற்றப் பட்டிகளுக்கும். இதிலே ஒரு கெட்ட சுற்று உண்டு. கன்று விழுத்தின மாட்டை யாரும் வைத்திருக்க விரும்புவதில்லை, உடனே விற்றுவிடுவார்கள், வாங்கினவருக்குச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பழைய ஆட்கள் மாடு ஈன்றால் இளங்கொடியை, அதாவது அந்த நஞ்சுக்கொடியை, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் பெருகும் என்பார்கள். பால் பெருகியதோ இல்லையோ, நாய் வாயில் அது போகவில்லை. மரத்தடியில் வெட்டுகிறவர்கள் அந்தளவு கவனம்கூட எடுப்பதில்லை. ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டால் போதும்.

சட்டம் இல்லாமலில்லை. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம், பால் தருகிற, கன்று ஈனுகிற பசுக்களை நினைத்தபடி வெட்ட முடியாமல் கட்டுப்படுத்துகிறது. கொல்களத்துக்கு அனுமதிப்பத்திரம், சுகாதாரப் பரிசோதகரின் பார்வை என்று ஒழுங்குகள் உண்டு. கள்ளமாகப் பிடித்துக் காட்டோரத்தில் வெட்டுகிறவனுக்கும், தீபாவளிக்கு வளவுக்குள் பங்கு அடிக்கிறவனுக்கும் இந்த ஒழுங்குகள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் மாடு வெட்டுவதையே தடைசெய்யும் யோசனையை அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்ச கொண்டுவந்தார், அமைச்சரவையும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கலாம் என்பதும் அந்த யோசனைக்குள்ளேயே இருந்தது! அங்கே இன்னொரு மாட்டுக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லைப் போல. என் அபிப்பிராயத்தில் அப்படியான தடை சினை மிருகங்களுக்கு ஒரு நன்மையும் செய்யாது. பேச்சு உடனே எந்தச் சமயம் எதைத் தின்கிறது என்று போய்விடுகிறது, ஆட்டைப் பற்றி ஒரு சொல்லும் வராது, கிழட்டு நாம்பனை என்ன செய்வது என்று தெரியாத விவசாயி இரவோடு இரவாகக் கள்ள வியாபாரிக்குக் கொடுப்பார்.

சமயத்தை இழுத்ததால் சொல்கிறேன், இந்த விசயத்தில் எல்லாருடைய மரபும் கிட்டத்தட்ட ஒரு பக்கம்தான் நிற்கிறது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் பலியிடுவதைத் தடைசெய்யும்வரை நடந்த வேள்விகளுக்கு வளர்த்தது கிடாயைத்தான், மறியை யாரும் நேர்ந்து விட்டதில்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றுகிற ஷாபிஈ என்ற மார்க்கச் சட்ட வழியிலும் சினைப்பட்டதைக் குர்பானுக்குக் கொடுப்பதை அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை, சினை இறைச்சியைக் குறைக்கிறது என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

அப்போ எங்கே தடுப்பது? கத்தி எடுத்த பிறகு தடுக்க ஒன்றுமில்லை. விற்கிற நாளில்தான் தடுக்க வேண்டும், அதற்கு இரண்டு விசயம் வேண்டும். ஒன்று, சினையா இல்லையா என்று தெரிவது. பசுவும் ஆடும் 21 நாளைக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும், கலண்டரில் நாளைக் குறித்து வைத்தால் அடுத்த முறை கத்தவில்லை என்பதே முதல் அடையாளம். இரண்டு மாதம் கடந்தால் கால்நடை வைத்தியர் பசுவின் பின்வழியாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆட்டில் அப்படிக் கை விட ஏலாது, ஸ்கான் தான் நிச்சயம். ஸ்கான் இல்லாத ஊரில் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அசைபோடுகிற பிராணிகளுக்கு இடப்பக்கம் பெரிய இரைப்பை நிரப்பி நிற்கும், குட்டி வளர்வது வலப்பக்கம். நல்லாத் திண்ட ஆட்டுக்கு இடப்பக்கம் வீங்கும், குட்டித்தாய்ச்சிக்கு வலப்பக்கம் கீழே இறங்கும். நாலாம் மாதத்துக்குப் பிறகு வலது அடிவயிற்றில் மடக்கின கையை வைத்து மெல்ல அமத்தி விட்டால், உள்ளே ஏதோ கெட்டியாக விலகிப்போய்த் திரும்பி வந்து கையில் முட்டும். மடியையும் பார்க்கலாம்.

மற்றது, தெரிந்த பிறகு மூன்று மாதம் பொறுக்கிற வசதி. இது ஆட்டைப் பற்றிய விசயமே இல்லை. கிராமத்துச் சங்கம் சினை ஆட்டை ஈடாக எழுதிக்கொண்டு ஈனும்வரை சின்னக் கடன் கொடுத்தால், குட்டி விற்று அடைத்துவிடலாம். அயலில் தீனி உள்ளவர் வாங்கி வளர்த்துக் குட்டியில் பாதி கொடுப்பதென்றால் அதற்கு வாரம் என்று பெயர், அது எங்கள் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிற முறைதான்.

எல்லாச் சினை மிருகத்தையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மாங்குளம், முறிகண்டிப் பக்கம் இரவில் ரயில் அடித்துக் கால் முறிந்து தண்டவாளத்தோரம் கிடக்கிற கன்றுத்தாய்ச்சிப் பசுவை விடியும்வரை துடிக்க விடுவதைவிட முடித்துவிடுவது நல்லது. ஜெர்மன் சட்டத்திலும் இதற்கு விலக்கு உண்டு.

இந்த முறை புதுவருசத்துக்கு எங்கள் வளவில் பங்கு பேசினபோது, ஆடு பார்க்கப் போகிற ஆளோடு வளவுக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ மூன்று ஆட்டின் வலப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றும் வேண்டாமென்று சொல்லி, கடைசியில் ஒரு கிடாயைக் காட்டினா. பங்குக்கு ஐந்நூறு ரூபாய் கூடிப்போயிற்று என்று இரண்டு பேர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள்.